தொலைந்த இயர்பட்ஸைத் தேடிப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேப்பில் தெரிந்த புள்ளியை நம்பி, அலுவலக வாசலில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளுக்குள் கையை விட்டு அரைமணி நேரம் துழாவியிருக்கிறேன். காவலாளி இரண்டு முறை வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தேடிய இடது பட் அந்த நேரத்தில் வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டின் தொப்பி மடிப்புக்குள் கிடந்தது. நான்கு நாள் கழித்து மழை வந்து, கோட்டை எடுத்து உதறியபோதுதான் தெரிந்தது.

மேப் பொய் சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது அந்தப் பட்டில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. போன் அதனோடு கடைசியாகப் பேசிய இடம் அதுதான், அங்கேயே புள்ளி வைத்துவிட்டது. அதன்பின் பட் காதிலிருந்து நழுவி, தொப்பிக்குள் விழுந்து, என்னோடே வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை போனுக்கு எப்படித் தெரியும்?

இயர்பட்ஸ் தேடுவதில் பாதி வேலை, அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று படிக்கத் தெரிவது. மீதிப் பாதி, சார்ஜ் தீர்வதற்குள் தேடி முடிப்பது. கீழே சொல்லும் வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

முதல் பத்து நிமிடம்

காணவில்லை என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். வந்த வழியே ஓட வேண்டாம். போனை எடுத்து ப்ளூடூத் பட்டியலைப் பாருங்கள். பட்ஸின் பெயருக்குக் கீழே இணைப்பில் இருப்பதாகக் காட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுமார் 10 மீட்டருக்குள், திறந்தவெளியானால் இன்னும் கொஞ்சம் தள்ளி, எங்கோ இருக்கிறது. காட்டவில்லை என்றால் வீட்டு லேப்டாப்போ டேப்லெட்டோ அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது அடிக்கடி நடக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பதற்றத்தில் பலர் ப்ளூடூத் பட்டியலிலிருந்தோ தேடும் ஆப்பிலிருந்தோ பட்ஸை நீக்கிவிட்டு, புதிதாக இணைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். கையில் இல்லாத பொருளைப் புதிதாக இணைக்க முடியாது. உங்களுக்கும் அதற்கும் இருந்த ஒரே தொடர்பை நீங்களே அறுத்துவிட்டதாக ஆகிவிடும்.

அடுத்து, எது தொலைந்தது என்று சரியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கேஸுக்கு வெளியே ஒற்றைப் பட் தொலைந்திருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கும், ஒலி எழுப்ப வைக்கலாம். ஆனால் முழு சார்ஜ் இருந்தாலே பெரும்பாலான பட்ஸ் 5 முதல் 8 மணி நேரம்தான் தாங்கும். இணைப்பு இல்லாமல் கிடந்தால் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும் மாடல்களும் உண்டு. அதனால் இதுதான் அவசரமான வகை. இரண்டும் மூடிய கேஸுக்குள் இருந்தபடி தொலைந்திருந்தால், பல மாடல்களில் ப்ளூடூத்தே அணைந்திருக்கும். சார்ஜ் பத்திரமாக இருக்கும், ஆனால் கூப்பிட்டால் குரல் வராது. வெறும் கேஸ் மட்டும் தொலைந்தால்தான் பெரும்பாடு. பெரும்பாலான கேஸ்களில் பேட்டரியும் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டும்தான் இருக்கும். அலைவரிசையில் அது ஒரு சோப்பு டப்பாவுக்குச் சமம்.

உங்கள் மாடலுக்கு உரிய ஆப்பைத் திறப்பது

ஆப்பிளின் ஏர்பாட்ஸ் என்றால் ஃபைண்ட் மை. இந்த ஆப்பில் எல்லா ஏர்பாட்ஸும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் இரண்டு தலைமுறை ஏர்பாட்ஸுக்கு, உங்கள் சொந்த சாதனங்களோடு கடைசியாக இணைந்திருந்த இடம் மட்டும்தான் தெரியும். 2021-ல் வந்த மூன்றாம் தலைமுறைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஃபர்ம்வேர் (பட்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) மூலம் ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கும் ஏர்பாட்ஸ் மேக்ஸுக்கும், ஃபைண்ட் மை நெட்வொர்க் கிடைத்தது. அதாவது, அந்தப் பக்கமாகப் போகும் முன்பின் தெரியாத ஒருவரின் ஐபோன் உங்கள் பட்ஸின் சிக்னலைக் கேட்டு, இடத்தை மறைகுறியாக்கி அனுப்பிவிடும். அந்த ஐபோன்காரருக்கு இது தெரியவே தெரியாது. 2022-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோவில் கேஸுக்கே ஸ்பீக்கர் வைத்தார்கள். யூ1 சிப்பும் உள்ளே இருப்பதால், அதற்கேற்ற சிப் உள்ள ஐபோன் திசையையும் தூரத்தையும் திரையிலேயே காட்டும். ஏர்பாட்ஸ் 4-ல் இரைச்சல் நீக்கும் மாடலின் கேஸுக்கு மட்டும்தான் ஸ்பீக்கர், மற்றதற்கு இல்லை. வாங்கும்போது யாரும் இதைப் பார்த்து வாங்குவதில்லை, தொலைத்த பிறகுதான் பார்க்கிறோம்.

ஆண்ட்ராய்டு என்றால் ஃபைண்ட் ஹப். பழைய பெயர் ஃபைண்ட் மை டிவைஸ்; 2025 மே மாதத்தில்தான் பெயர் மாறியது. மற்றவர்களின் போன்கள் வழியாகத் தேடும் நெட்வொர்க் இதில் 2024 ஏப்ரலில் வந்தது. பட்ஸ் இதற்கு ஒத்துப்போகும் மாடலாக இருந்து, ஃபாஸ்ட் பேர் (பட்ஸைப் போனோடு சட்டென இணைக்கும் கூகுள் வசதி) மூலம் உங்கள் கூகுள் கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்கள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில், பல போன்கள் கண்டதைச் சேர்த்துத்தான் இடத்தைக் காட்டும் என்பதே இந்த நெட்வொர்க்கின் இயல்பான அமைப்பு. ஒற்றைப் போன் கண்டதை வைத்துக் காட்டினால் அந்தப் போன்காரரின் வீடு எங்கே என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா. நல்ல எண்ணம்தான். ஆனால் பட்ஸ் ஆளரவமற்ற சாலையில் கிடந்தால் ஆப் வாய் திறக்காமல் போகலாம்.

சாம்சங் கேலக்ஸி பட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கதவுகள்: கேலக்ஸி வேரபிள் ஆப்பில் இயர்பட்ஸைத் தேடும் பகுதி, இன்னொன்று சாம்சங் ஃபைண்ட். இணைப்பில்லாதபோதும் தேடும் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால்தான் இரண்டாவது முழுப் பயன் தரும். மற்ற பிராண்டுகள் என்றால் அவரவர் ஆப்பைத் திறந்து பாருங்கள். பலவற்றில் ஒலி எழுப்பும் பட்டனும் கடைசி இடத்தைக் காட்டும் மேப்பும் இருக்கும். அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருக்காவிட்டால் மேப் காலியாகத்தான் இருக்கும்.

புள்ளியைப் படிப்பது

மேப்பில் புள்ளி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, பக்கத்தில் உள்ள நேரத்தை. இப்போது என்று காட்டுகிறதா, மூன்று மணி நேரத்துக்கு முன்பு என்று காட்டுகிறதா? பழைய நேரம் என்றால் மேலே என் கதையில் நடந்ததுதான்: அது போனும் பட்டும் பிரிந்த இடம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அழைப்புப் பதிவு, பணம் செலுத்திய குறுஞ்செய்தி, எடுத்த புகைப்படம் என்று போனிலேயே சாட்சிகள் இருக்கும். நீங்கள் நடந்துகொண்டிருந்த நேரம் என்றால் பட் விழுந்திருக்கலாம், அல்லது சார்ஜ் தீர்ந்து உங்களோடே வந்திருக்கலாம். இரண்டாவதற்கு வாய்ப்பு இருக்கும்வரை உங்கள் உடையையும் பையையும் உதறிப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்று பொருள். நெட்வொர்க் வழியாக வந்த இடம் என்றால் இன்னும் கவனம் தேவை. சிக்னலைக் கேட்ட போன் எங்கே இருந்ததோ, அதை வைத்துக் கணித்த இடம்தான் அது. சாலையில் கிடக்கும் பட்டை, ஓரத்து வீட்டுக்குள் இருந்த போன் கேட்டிருந்தால், புள்ளி அந்த வீட்டுக்குள் விழும். அடுக்குமாடியில் எந்தத் தளம் என்றும் மேப் சொல்லாது.

வீட்டுக்குள் தேடுவது

முதலில் ஒலி. எழுப்புவதற்கு முன் பட் யார் காதிலும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், காதுக்குள் வைத்துக் கேட்கும் சத்தம் அல்ல அது. ஃபேன், டிவி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பட்டின் ஸ்பீக்கர் ஒரு உளுந்து அளவுதான். அதிலிருந்து வரும் கீச்சொலியை ஒரு தலையணை உறையே விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு அறையிலும் நடுவில் நின்று அரை நிமிடம் அசையாமல் கேளுங்கள். நடந்துகொண்டே கேட்டால் உங்கள் காலடிச் சத்தம்தான் கேட்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். உயர் அலைவரிசை ஒலி வயதாக ஆக நம் காதுக்குக் குறைந்துகொண்டே போகும். உங்களுக்குக் கேட்காதது அவர்களுக்குக் கேட்கும்.

ஒலி கேட்கவில்லை, ஆனால் சார்ஜ் இருக்கும் என்று தோன்றுகிறது என்றால் சிக்னலை அளந்து தேடலாம். என் கையில் அதிகம் பலித்தது இதுதான். என்ஆர்எஃப் கனெக்ட், லைட்ப்ளூ போன்ற ப்ளூடூத் ஸ்கேனர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள சாதனங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் மைனஸில் ஓர் எண்ணும் வரும். அதுதான் சிக்னல் வலிமை, அலகு டிபிஎம். சுழியத்தை நெருங்க நெருங்கப் பொருள் பக்கத்தில் இருக்கிறது. மைனஸ் 90 என்றால் சுவர்களுக்கு அப்பால் எங்கோ. மைனஸ் 60 என்றால் பெரும்பாலும் அதே அறை. மைனஸ் 40 என்றால் கை நீட்டும் தூரம். இவை தோராயம்தான், மாடலுக்கு மாடல் மாறும்.

தொடங்கும் முன், கையில் இருக்கும் மற்றொரு பட்டைக் கேஸில் போட்டு மூடி, பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டைப் பையில் இருப்பதையே வீடு முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். பட்டியலில் பெயர் தெரியாத சாதனங்களும் இருக்கும். உங்கள் டிவியையும் வாட்சையும் அணைத்தால் பட்டியல் சுருங்கும்.

இப்போது போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு திசையிலும் மூன்று நான்கு நொடி நில்லுங்கள், எண் அடங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். ப்ளூடூத் இயங்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், நம் உடம்பிலோ பெரும்பகுதி தண்ணீர். ஆகவே பட் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் எண் சட்டென இறங்கும், முன்பக்கம் இருந்தால் ஏறும். உங்கள் உடம்பே திசைகாட்டி ஆகிவிடுகிறது. ஏறிய திசையில் ஐந்தடி நடந்து மறுபடி சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் எந்த மூலை என்று தெரிந்துவிடும். இரும்பு பீரோ, கண்ணாடி, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அலை எதிரொலித்து எண் குழம்பும். அங்கே மட்டும் எண்ணை நம்பாமல் கையால் தேடுங்கள்.

சார்ஜ் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் கண்ணும் கையும்தான். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் தெரியாத சின்னப் பொருளும், இப்படி அடித்தால் நீளமாக நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். சோபா இடுக்கு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மடித்துவிட்ட கால்சட்டையின் அடிப்பகுதி, ஷூ, வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பு, கார் சீட் நகரும் தண்டவாளம் இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் மறப்பது காந்தத்தை. கேஸில் சரியாக உட்கார்வதற்காகவும் ஸ்பீக்கருக்காகவும் பட்டுக்குள் காந்தம் இருக்கிறது. உருண்டு போன பட் இரும்புக் கட்டில் காலிலோ, மேசையின் அடித்தகட்டிலோ ஒட்டிக்கொண்டு நிற்கலாம். தரையைப் பெருக்கினால் அது வராது. கை நுழையாத இடுக்கு என்றால் வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி உறிஞ்சுங்கள், பட் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கைக்குழந்தையோ செல்லப்பிராணியோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால் தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

வெளியே தொலைந்திருந்தால்

நெட்வொர்க் வசதி உள்ள மாடல் என்றால் ஆப்பில் பொருள் தொலைந்ததாகக் குறிக்கும் லாஸ்ட் மோடை உடனே இயக்கி, தொடர்பு எண்ணும் ஒரு வரிச் செய்தியும் போடுங்கள். முடிந்தால் உங்கள் முக்கிய எண்ணுக்குப் பதில் வீட்டில் இன்னொருவரின் எண். பிறகு நடந்து வந்த பாதையில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டே, வந்ததில் பாதி வேகத்தில் திரும்பி நடங்கள். வேகமாகப் போனால் போன் பட்டைக் கண்டு இணைவதற்குள் தாண்டிப் போயிருப்பீர்கள். வண்டியில் போய்த் தேடுவது வீண்.

பேருந்து, டாக்சி, உணவகம் என்றால் அன்றே, அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் கேளுங்கள். 'வெள்ளை இயர்பட்ஸ்' என்றால் இழந்த பொருள் பெட்டியில் பத்து இருக்கும். மாடல், எந்தப் பக்கத்துப் பட், ரப்பர் முனையின் நிறம், கேஸில் உள்ள கீறல் என்று சொல்லிக் கேளுங்கள்.

விமானத்தில் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள்; பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். தண்டவாளத்தில் விழுந்தால் இறங்காதீர்கள், நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். நீங்கள் முதல் ஆளாக இருக்க மாட்டீர்கள். 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை டோக்கியோவின் 78 நிலையங்களில் மட்டும் இப்படி விழுந்த இயர்போன்கள் 950. ஜேஆர் ஈஸ்ட் ரயில் நிறுவனம் பானசோனிக்கோடு சேர்ந்து, தண்டவாளத்துக் கற்களுக்கு நடுவிலிருந்து அவற்றை உறிஞ்சி எடுக்க ஒரு தனி வாக்குவம் கருவியே செய்யவேண்டி வந்தது.

திருட்டு என்று தெரிந்தால்

புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால், அல்லது நீங்கள் போகாத இடத்தில் புதிய நேரத்தோடு வந்தால், யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். திருடியவராக இருக்கலாம், எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவராகவும் இருக்கலாம்.

முதலில் திரையைப் படம் பிடியுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. பட்ஸ் போனைப் போல முழுதாகப் பூட்டக்கூடிய பொருள் அல்ல. புதிய ஏர்பாட்ஸ் வேறொருவரின் ஐபோனில் இணைந்தாலும், இது இன்னொருவர் கணக்கோடு சேர்ந்தது, உரிமையாளர் இடத்தைப் பார்க்க முடியும் என்று எச்சரிக்கும்; பாட்டுக் கேட்பதைத் தடுக்காது. இன்னொன்றும் உண்டு. ஆட்களை வேவு பார்ப்பதைத் தடுக்க, ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. தன்னோடு, இடத்தைக் காட்டிக்கொடுக்கும் தெரியாத ட்ராக்கர் ஒன்று பயணிக்கிறது என்று எந்தப் போன்காரருக்கும் அறிவிப்புப் போகும். ஏர்பாட்ஸுக்கும் இப்படி அறிவிப்பு வருவதுண்டு. அதைப் பார்த்தவர் பட்ஸைத் தூக்கி எறியவும் கூடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது சீரியல் நம்பர், பில், படம்பிடித்த திரைகள் மூன்றும் கையில் இருக்கட்டும். சீரியல் நம்பர் வாங்கிய பெட்டியின் மேல் இருக்கும். பல மாடல்களில் ஆப்பின் உள்ளேயும் இருக்கும். ஏர்பாட்ஸில் கேஸுக்கு ஒன்று, ஒவ்வொரு பட்டுக்கும் ஒன்று எனத் தனித்தனி எண்கள் என்பதால் மூன்றையும் குறித்துக்கொடுங்கள். புள்ளி காட்டும் வீட்டின் கதவை நீங்களே போய்த் தட்டாதீர்கள். அந்த வீட்டில் இருந்த போன் சிக்னலைக் கேட்டது என்பதற்கு மேல் அந்தப் புள்ளி எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு ஜோடி பட்ஸுக்காக, தவறான வீட்டில் போய் அடி வாங்குவது நஷ்டக் கணக்கு.

லாஸ்ட் மோடில் எண்ணைப் போட்ட பிறகு 'உங்கள் பொருள் கிடைத்தது, இந்த லிங்கில் நுழையுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் நிதானியுங்கள். பொருளைத் திருப்பித் தர யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டோ ஓடிபியோ தேவைப்படாது. கிடைத்ததாகச் சொல்பவரிடம் கேஸில் சீரியல் நம்பர் உள்ள இடத்தை (ஏர்பாட்ஸில் மூடியின் உட்புறம்) படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பொருள் விற்கும் தளங்களில் உங்களுடையதைப் பார்த்தாலும் அதே கேள்விதான். சீரியல் நம்பர் படம் கேட்டதும் விளம்பரம் மாயமானால் அதையும் படம்பிடித்துப் புகாரோடு சேருங்கள்.

கிடைத்தால், கிடைக்காவிட்டால்

மழையிலோ வாஷிங் மெஷினிலோ நனைந்து கிடைத்தால் உடனே கேஸில் போடாதீர்கள். ஈரத்தோடு சார்ஜ் ஏறினால் தொடுமுனைகள் அரித்துப்போகும். மென்துணியால் துடைத்து, வலைப் பக்கம் கீழே பார்க்கும்படி வைத்து ஒரு நாளாவது காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். வேறு யார் காதிலாவது இருந்திருக்கலாம் என்று தோன்றினால் ரப்பர் முனைகளை மாற்றிவிடுவதே மேல்.

கிடைக்கவே இல்லை என்றால் முழு ஜோடி வாங்கும் முன் தயாரிப்பாளரிடம் ஒற்றைப் பட்டோ கேஸோ தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன. தலைமுறையும் மாடல் எண்ணும் அச்சாகப் பொருந்த வேண்டும். புதிய பட்டைப் பழையதோடு கேஸில் வைத்ததும் இணையாவிட்டால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டின் ஃபர்ம்வேரும் வேறாக இருக்கலாம். கேஸை சார்ஜில் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்து, சில மணி நேரம் கழித்து ரீசெட் செய்து இணைத்துப் பாருங்கள். சாதாரண வாரண்டி தொலைந்ததற்குப் பொருந்தாது.

இப்போது கையில் பட்ஸ் பத்திரமாக இருப்பவர்களுக்கு ஐந்து நிமிட வேலை ஒன்று. தேடும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பிரிந்து வந்தால் எச்சரிக்கும் அறிவிப்பை இயக்குங்கள், சீரியல் நம்பர்களைப் படமெடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இல்லாத கேஸ் என்றால் அதன் உறையில் ஒரு சின்ன ட்ராக்கர் டேக்கைக் கோத்துவிடலாம். நான் அதோடு, கேஸ் மூடியின் உட்பக்கம் ஒரு தொடர்பு எண்ணைச் சின்னதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சார்ஜ் தீர்ந்து, நெட்வொர்க் இல்லாமல், யார் கையிலாவது கிடைத்தாலும் அந்த எண்ணைப் படிக்க எந்த ஆப்பும் வேண்டாம்.